எண்ணியல் பகுப்பாய்வு: கற்கத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரியில் 'நியூமெரிக்கல் மெத்தட்ஸ்' படித்துவிட்டேன். எண்ணியல் பகுப்பாய்வு என்பதும் அதுதானே?

பாதி அதுதான். பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்திலேயே எண்ணியல் முறைகள் வந்துவிடுகின்றன: முன்னோக்கு வேறுபாடு, நியூட்டன் இடைச்செருகல், லெக்ராஞ்சி சூத்திரம். பொறியியல் படிப்பில் நியூட்டன்–ராப்சன், சிம்சன் விதி, ரூங்கே–குட்டா எல்லாம் சேர்ந்துகொள்ளும். அட்டவணை போட்டு, கால்குலேட்டரில் நான்கு தசம இடம்வரை தட்டி, விடைக்குக் கீழே கோடு கிழித்தால் மதிப்பெண் வந்துவிடும். வந்த விடையில் எத்தனை இலக்கங்களை நம்பலாம் என்று மட்டும் வினாத்தாளில் யாரும் கேட்பதில்லை. எண்ணியல் பகுப்பாய்வு தொடங்குவதே அங்கேதான்.

காற்றோட்டம், பாலத்தின் வளைவு, ராக்கெட்டின் பாதை என்று எதை எடுத்தாலும், சூத்திரமாக விடை எழுத முடியாத சமன்பாடுகளே அதிகம். கணினி தருவது தோராயம். அது உண்மையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, ஏன் தள்ளி நிற்கிறது, இன்னும் நெருங்க எவ்வளவு செலவாகும் என்று சொல்லத் தெரிவதுதான் இந்தப் பாடம். மற்றதெல்லாம் சூத்திரப் பட்டியல்; தேவைப்படும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கணினி கணக்கில் தப்பு விடுமா என்ன?

பைத்தானைத் திறந்து 0.1 + 0.2 என்று கொடுங்கள். 0.30000000000000004 என்று வரும். இயந்திரத்தில் கோளாறு ஒன்றுமில்லை. 0.1 என்ற எண்ணை இரும முறையில் எழுதப்போனால், தசமத்தில் மூன்றில் ஒன்று முடிவில்லாமல் நீள்வதுபோல, அதுவும் முடியவே முடியாது. எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும்.

இன்று எல்லாரும் பயன்படுத்தும் 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் (தசமப் புள்ளியுள்ள எண்களைக் கணினி சேமிக்கும் வடிவம் இது) இலக்கங்களுக்கு 53 பிட் கிடைக்கிறது. தசமத்தில் சொன்னால் ஏறத்தாழ 16 இலக்கம். 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலை இதை ஒழுங்குபடுத்தியது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்தின் இயந்திரமும் தன் இஷ்டத்துக்கு ரவுண்ட் செய்துகொண்டிருந்தது. அந்தத் தரநிலைக்குப் பெரிதும் காரணமான வில்லியம் காஹனுக்கு 1989இல் கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது.

இந்த 0.1 விளையாட்டான விஷயமும் அல்ல. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். அதன் உள்கடிகாரம் பத்தில் ஒரு நொடி கணக்கில் ஓடியது. அதை நொடியாக மாற்ற 0.1 ஆல் பெருக்கியது, அந்த 0.1 வெறும் 24 பிட்டில் வெட்டப்பட்டிருந்தது. ஒரு துடிப்புக்கு ஏற்பட்ட பிழை ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்குதான். ஆனால் அமைப்பு நூறு மணி நேரம் அணைக்கப்படாமல் ஓடியதால், அது 0.34 நொடியாகச் சேர்ந்துவிட்டது. நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வரும் ஏவுகணையைத் தவறவிட அவ்வளவு பிசகு தாராளம்.

அது 24 பிட் காலம். இப்போது பதினாறாவது இலக்கத்தில் வரும் பிழையால் என்ன ஆகிவிடப் போகிறது?

பதினாறாவது இலக்கத்திலேயே நின்றால் ஒன்றும் ஆகாது. அது முன்னுக்கு ஏறி வருவதுதான் தொல்லை. ஏறி வருவதற்குப் பிடித்த வழி, ஏறத்தாழ சமமான இரண்டு எண்களைக் கழிப்பது. பொதுவான முன் இலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப்போய், கடைசியில் இருந்த குப்பை முதல் வரிசைக்கு வந்துவிடும்.

ஓர் இருபடிச் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: வர்க்கத்தின் கெழு 1, நடுக் கெழு −10⁸, மாறிலி 1. பள்ளியில் மனப்பாடம் செய்த சூத்திரத்தை அப்படியே நிரலாக்கினால், சிறிய மூலம் 7.45 × 10⁻⁹ என்று வரும். உண்மையான விடை 10⁻⁸. நூற்றுக்கு 25 பங்கு தப்பு. சூத்திரம் சரி, நிரல் சரி, கணினி சரி! மருந்தும் எளிதுதான்: பெரிய மூலத்தை முதலில் கண்டுபிடியுங்கள், மூலங்களின் பெருக்கல் பலன் 1 என்பதால், 1-ஐ அதால் வகுத்தால் சிறிய மூலம் முழுத் துல்லியத்தோடு கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். அடுக்குக்குறித் தொடரை வைத்து இ (e ≈ 2.718) என்ற எண்ணின் −20ஆம் அடுக்கைக் கூட்டிப் பாருங்கள். உறுப்புகள் நான்கு கோடிக்கு மேல் ஏறி, குறி மாறி மாறி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, 2 × 10⁻⁹ அளவுள்ள விடைக்கு இறங்கவேண்டும். நான்கு கோடியின் பதினாறாவது இலக்கமே அந்த விடையின் அளவுக்கு இருக்கிறது என்றால், மிச்சம் என்ன தேறும்? +20ஆம் அடுக்கைக் கூட்டி, 1-ஐ அதால் வகுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

எவ்வளவு கணிதம் தெரிந்திருக்க வேண்டும்?

வகையீடு, தொகையீடு, முக்கியமாக டெய்லர் தொடர். அணிகளும் நேரியல் இயற்கணிதமும். இவ்வளவு போதும் தொடங்க. இரண்டில் எது பலவீனம் என்றால், பெரும்பாலானவர்களுக்கு நேரியல் இயற்கணிதம்தான். அணிக்கோவை கணக்கிடத் தெரியும். அணி ஒன்று ஒரு வெளியை என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் வராது. அதைச் சரிசெய்துகொள்ள இரண்டு மாதம் செலவழித்தால் வீண் போகாது. ஐகென் மதிப்பு, செங்குத்து அணி, சிங்குலர் மதிப்பு ஆகிய மூன்றையும் படமாக மனத்தில் பார்க்க வரவேண்டும்.

மெய்யெண் பகுப்பாய்வை முழுதாக முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தேவை வரும்போது அதைத் தேடிப் போவதே நல்லது.

எந்த வரிசையில் படிப்பது?

மிதவைப் புள்ளி எண்கள், ஒரே மாறியில் சமன்பாட்டின் மூலம் காணுதல், நேரியல் சமன்பாட்டுத் தொகுப்புகள், மீச்சிறு வர்க்கம், இடைச்செருகல், தொகையீடு, சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள், கடைசியாகப் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள். நிறைய பாடத்திட்டங்களில் முதல் தலைப்பு அரை மணி நேரத்தில் ஓட்டப்படுகிறது. நீங்கள் அதற்கு ஒரு வாரமாவது கொடுங்கள்.

நியூட்டன் முறையை ஏன் எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்?

வேகத்துக்காக. 2-இன் வர்க்கமூலம் வேண்டும் என்று வையுங்கள். ஒரு மதிப்பை ஊகித்து, 2-ஐ அதால் வகுத்து, இரண்டுக்கும் சராசரி எடுங்கள். வந்ததை வைத்துத் திரும்பவும் அதையே செய்யுங்கள். 1-இல் தொடங்கினால் 3/2, 17/12, 577/408 என்று போகும். தசமத்தில் 1.5, 1.41667, 1.414215686. அடுத்தது 1.41421356237469. உண்மை மதிப்பு 1.41421356237310. சரியான தசம இடங்கள் 2, 5, 11 என்று ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டிக்கின்றன. இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டிப் போகும் முறையில் 15 இடம் வர ஐம்பது சுற்று வேண்டும்.

இதில் சுவாரசியமான விஷயம், பௌதாயன சுல்ப சூத்திரத்தில் வேள்விமேடை அளவுகளுக்காகச் சொல்லப்பட்ட வர்க்கமூல வாய்பாடு: 1-உடன் மூன்றில் ஒன்றைக் கூட்டு, அதில் நான்கில் ஒன்றைக் கூட்டு, அதில் முப்பத்துநான்கில் ஒன்றைக் கழி. கணக்கிட்டுப் பாருங்கள், மிகச் சரியாக 577/408 வரும். அவர்கள் எந்த வழியில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது வேறு விவாதம். கிடைத்த எண் நியூட்டன் முறையின் மூன்றாம் சுற்று எண்ணேதான்.

ஆனால் தொடக்க ஊகம் மோசமாக இருந்தால் நியூட்டன் எங்கேயாவது ஓடிவிடுவார். நடைமுறையில் ஓர் இடைவெளிக்குள் கட்டிப்போடும் முறையையும் வேகமான முறையையும் கலந்துதான் நிரல் நூலகங்கள் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்தொகுப்புகள்) பயன்படுத்துகின்றன.

கண்டிஷன், ஸ்டெபிலிட்டி இரண்டையும் குழப்பிக்கொள்கிறேன். என்ன வித்தியாசம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

கண்டிஷன் கணக்கின் குணம். ஸ்டெபிலிட்டி முறையின் குணம். உள்ளே கொடுக்கும் தரவை இம்மியளவு அசைத்தால் உண்மையான விடை எவ்வளவு அசையும் என்பது கண்டிஷன். அதில் கணினிக்கு வேலையே இல்லை. கடவுளே கணக்குப் போட்டாலும் அது மாறாது. கணக்கில் இல்லாத அசைவை நாம் பின்பற்றும் வழி புதிதாக உண்டாக்குகிறதா என்பது ஸ்டெபிலிட்டி.

முதலாவதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஜேம்ஸ் வில்கின்சன் கண்டது. அவர் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கணினி முன்னோடி ஆலன் டூரிங்குடன் வேலை செய்தவர். 1970இல் டூரிங் பெயரிலான விருதையே பெற்றார். 1 முதல் 20 வரையுள்ள முழு எண்களை மூலங்களாகக் கொண்ட பல்லுறுப்புக் கோவை ஒன்றை எடுத்துக்கொண்டார். மூலங்கள் நன்றாக விலகி, வரிசையாக நிற்கின்றன. இதைவிடச் சாதுவான கணக்கு உண்டா என்று தோன்றும். அதில் 19ஆம் அடுக்கின் கெழு −210. அதோடு 83,88,608இல் ஒரு பங்கு அளவுக்கு ஒரு மாற்றம் செய்தால், 16, 17 என்று நின்ற மூலங்கள் மெய்யெண் கோட்டை விட்டே எழும்பி, 16.73-ஐ மெய்ப்பகுதியாகவும் ±2.81-ஐக் கற்பனைப் பகுதியாகவும் கொண்ட கலப்பெண்களாகிவிடுகின்றன. எந்த முறையைப் போட்டாலும் இதைத் தடுக்க முடியாது. கெழுக்கள் வழியாக மூலங்களைத் தேடுவதே ஆபத்தான பாதை. அதனால்தான் மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளும், பைத்தானின் கணக்கீட்டு நூலகமான நம்பையும் பல்லுறுப்புக் கோவையின் மூலங்களைக் கேட்டால், அதற்குரிய ஓர் அணியை உருவாக்கி அதன் ஐகென் மதிப்புகளைக் கணக்கிட்டுத் தருகின்றன. அப்படிச் செய்தாலும் கணக்கின் குணம் மாறாது. முறை தன் பங்குக்குக் கெடுக்காமல் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவதற்கு மேலே சொன்ன இருபடிச் சமன்பாடே உதாரணம். கணக்கு நல்ல கணக்கு. சூத்திரத்தை வைத்துப் போன வழிதான் கெட்டது. இன்னொன்று: 10⁻²⁰ அ + ஆ = 1, அ + ஆ = 2. விடை இரண்டுக்கும் ஏறத்தாழ 1 என்று பார்த்தாலே தெரிகிறது. முதல் வரியை வைத்து அப்படியே காஸ் நீக்கல் (ஒரு வரியைக் கொண்டு மற்ற வரிகளிலிருந்து ஒரு மாறியை நீக்குவது) செய்தால், கணினி ஆ = 1, அ = 0 என்று சொல்லும். வரிகளை இடம் மாற்றிவிட்டுச் செய்தால் சரியாக வரும். இதைத்தான் பிவட்டிங் என்கிறார்கள். புத்தகத்தில் அடிக்குறிப்புபோல வந்துபோகும் அந்த ஒரு வரி இல்லையென்றால் காஸ் நீக்கலைக் கணினியில் நம்பவே முடியாது.

வில்கின்சன் பரப்பிய பார்வை ஒன்று இதை எல்லாம் தெளிவாக்குகிறது. கிடைத்த விடை எவ்வளவு தப்பு என்று கேட்பதற்கு முன், இந்த விடை எந்தக் கணக்குக்குத் துல்லியமான விடை என்று கேளுங்கள். நாம் கொடுத்த கணக்குக்கு மிக அருகிலுள்ள ஒன்றுக்கு அது சரியான விடை என்றால், முறை தன் கடமையைச் செய்துவிட்டது. அதற்குப் பிறகும் விடை மோசமாக இருந்தால் பழி கணக்கின் மேல். தரவிலுள்ள பிழை விடையில் எத்தனை மடங்குவரை பெருகலாம் என்று சொல்வது கண்டிஷன் எண். அது 10¹³ என்றால் 16 இலக்கத்தில் 13 போய்விடும் என்று எதிர்பார்க்கலாம். 1, 1/2, 1/3 போன்ற பின்னங்களால் ஆன பத்துக்குப் பத்து ஹில்பர்ட் அணியின் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

புள்ளிகளைக் கூட்டினால் துல்லியம் கூடத்தானே செய்யும்?

எப்போதும் இல்லை. 1901இல் கார்ல் ரூங்கே காட்டியது இது: −1 முதல் 1 வரை, 1-ஐ (1 + 25 மடங்கு வர்க்கம்) ஆல் வகுத்தால் வரும் மணி வடிவ வளைவு. சம இடைவெளியில் புள்ளிகள் எடுத்து ஒரே பல்லுறுப்புக் கோவையைப் பொருத்தினால், புள்ளிகள் கூடக்கூட ஓரங்களில் அலைச்சல் பெருத்துக்கொண்டே போகும். ஓரங்களில் நெருக்கமாக வருமாறு செபிஷேவ் புள்ளிகளை எடுத்தால் அழகாகக் குவியும்.

வகையீட்டிலும் இப்படித்தான். சைன் சார்பின் வகைக்கெழுவை 1-இல் காண, சிறு நகர்வு எடுத்து வித்தியாசத்தை வகுக்கிறோம். நகர்வு சிறிதாகச் சிறிதாகப் பிழை குறைந்துகொண்டே வரும், 10⁻⁸ வரை. அதற்குக் கீழே போனால் திரும்ப ஏறும். 10⁻¹⁶ கொடுத்தால் 1 + 10⁻¹⁶ என்பது கணினிக்கு 1-ஏதான், விடை பூஜ்யம். சூத்திரத்தின் தோராயத்தால் வரும் துண்டிப்புப் பிழை இறங்கும்போது ரவுண்டிங் பிழை ஏறுகிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் மடக்கை அளவில் வரைந்து பாருங்கள்.

நேர்மாறு அணி கண்டுபிடித்துப் பெருக்கிவிட்டால் சமன்பாடுகள் தீர்ந்துவிடுமே?

தாளில் தீரும். நிரலில் அப்படிச் செய்யாதீர்கள். வேலையும் கூடும், துல்லியமும் குறையலாம். நேரடியாகத் தீர்க்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். கிராமர் விதி இன்னும் மோசம். 20 மாறிகளுக்கு அணிக்கோவைகளை விரித்துக் கணக்கிட்டால், நொடிக்கு நூறு கோடி உறுப்பு வீதம் கூட்டினாலும் 1,600 ஆண்டு ஆகும். காஸ் நீக்கலுக்கு மூவாயிரத்துக்கும் குறைவான பெருக்கல் போதும்.

வகைக்கெழுச் சமன்பாடுகளில் விடை திடீரென்று வெடித்துப் போகிறது. ஏன்?

படி நீளம் பெரிதாகிவிட்டது. −100 மடங்கு வீதத்தில் தேயும் ஓர் அளவை ஆய்லர் முறையில் (இப்போதைய மாறும் வீதத்தைப் படி நீளத்தால் பெருக்கி மதிப்போடு கூட்டுவது) 0.03 படியில் நடத்தினால், ஒவ்வொரு படியிலும் மதிப்பு −2 ஆல் பெருக்கப்படும். உண்மை விடை பூஜ்யத்துக்குப் போய்க்கொண்டிருக்க, உங்கள் விடை குறி மாறி மாறி இரட்டித்துக்கொண்டிருக்கும். பின்னோக்கு ஆய்லர் முறையில் இந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு சமன்பாட்டைத் தீர்க்கவேண்டும். இத்தகைய கணக்குகளை ஸ்டிஃப் என்பார்கள். வேதிவினைகள், மின்சுற்றுகள் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை.

வெப்பச் சமன்பாட்டை எளிய வெளிப்படை முறையில் தீர்க்கும்போது, வெப்பப் பரவல் கெழு 1 என்றால், காலப்படி இடைவெளியின் வர்க்கத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இடைவெளியைப் பாதியாக்கினால் காலப்படி கால்வாசியாகும். ஒரு பரிமாணத்திலேயே வேலை எட்டு மடங்கு.

எல்லா வெடிப்புக்கும் படி நீளமே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். லூயிஸ் ரிச்சர்ட்சன் 1922இல் வெளியிட்ட கையால் போட்ட வானிலைக் கணிப்பு, 1910 மே 20 அன்று ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று சொன்னது. நிஜத்தில் அது ஏறக்குறைய அசையவே இல்லை. அங்கே குற்றவாளி தொடக்கத் தரவு: அழுத்தமும் காற்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தன.

எந்த நிரல்மொழி?

பைத்தானும் நம்பையும். காசு கொடுக்காமல் மேட்லேப் பாணி வேண்டுமென்றால் ஆக்டேவ். ஜூலியாவும் நன்றாக இருக்கிறது. ஃபோர்ட்ரானைக் கிண்டல் செய்கிறவர்களுக்கு ஒரு தகவல்: நம்பையில் நீங்கள் அணியைத் தீர்க்கச் சொல்லும்போது பின்னால் வேலை செய்வது லேபேக் நூலகத்தின் வழிமுறைகள்தான், அது 1992இல் ஃபோர்ட்ரானில் வெளியானது.

நூலகம் இருக்கும்போது நானே ஏன் எழுத வேண்டும்?

கற்பதற்காக ஒருமுறை எழுதுங்கள். வேலைக்கு நூலகத்தைப் பயன்படுத்துங்கள். நீங்கள் எழுதியதும் நூலகமும் தரும் விடைகள் எங்கே பிரிகின்றன என்று தேடும்போதுதான் நிறைய புரியும்.

நிரூபணங்களைத் தாண்டிப் போகலாமா?

முதல் வாசிப்பில் போகலாம். சிலவற்றை மட்டும் விடாதீர்கள்: நியூட்டன் முறை ஏன் இலக்கங்களை இரட்டிக்கிறது, டெய்லர் தொடரிலிருந்து பிழையின் வரிசை எப்படி வருகிறது, லாக்ஸ் சமானத் தேற்றம் என்ன சொல்கிறது (முறையாக அமைந்த நேரியல் கணக்கில், சமன்பாட்டுக்கு இசைவான முறை ஒன்று குவியவேண்டுமானால் அது நிலைப்புள்ளதாக, அதாவது ஸ்டெபிலிட்டி உள்ளதாக, இருக்கவேண்டும், இருந்தால் போதும்).

இலவசமாகக் கற்க வழி உண்டா?

ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் தளத்தில் காணொளி வகுப்புகள் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும். வகுப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பதைவிட, ஒரு வகுப்புக்கு ஒரு சோதனை நிரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் நிரல் தரும் விடை சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

படம் அழகாக வருகிறது என்பதை வைத்து நம்பிவிடாதீர்கள். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்லைப்னர் எண்ணெய்–எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போது மூழ்கிப்போனது. கட்டமைப்பைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வரையறுத்த கூறு முறையில் போட்ட கணக்கு, முக்கியமான ஓரிடத்தில் வெட்டுத் தகைவை 47 சதவீதம் குறைத்து மதிப்பிட்டிருந்தது. அந்த இடத்தில் வலைப்பின்னல் சரியாக அமையவில்லை. விபத்துக்குப் பிறகு கவனமாகப் போட்ட கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில்.

செய்யவேண்டியது இது. விடை உங்களுக்கே முன்கூட்டித் தெரிந்த ஒரு கணக்கைத் தயார் செய்யுங்கள். பிடித்த ஒரு சார்பை விடையாக வைத்துக்கொண்டு, சமன்பாட்டில் அதைப் போட்டு, வலதுபுறம் என்ன இருக்கவேண்டும் என்று பின்னோக்கிக் கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் நிரலை ஓட்டுங்கள், படியைப் பாதியாக்கித் திரும்ப ஓட்டுங்கள், மறுபடியும் பாதியாக்குங்கள். சரிவக விதி போன்ற இரண்டாம் வரிசை முறையில் பிழை ஒவ்வொரு முறையும் கால்வாசியாகவேண்டும்; சிம்சனில் பதினாறில் ஒரு பங்காகவேண்டும். கால்வாசிக்குப் பதில் பாதிதான் ஆகிறது என்றால் நிரல் ஓடுகிறது, ஆனால் எங்கோ ஒரு வரிசை இழந்துவிட்டது. வகைக்கெழுச் சமன்பாடு என்றால் முதலில் எல்லைப் புள்ளிகளை எழுதிய வரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஒருபக்க வித்தியாசத்தை முதல் வரிசையில் எழுதியிருப்பீர்கள்.